அடிஸ்கேல் வளைந்த நாள்

2022 டிசம்பர் 26, திங்கட்கிழமை. அரையாண்டு விடுமுறை. பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். வயிற்றில் 33 வாரக் குழந்தை. விடுமுறை முடிந்ததும் மகப்பேறு விடுப்பில் போவதாக ஏற்பாடு. அதற்குள் கட்டை முடித்துத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம். வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண். சீரான வேகத்தில் போகும் ஒரு பேருந்து, நேரம், தூரம், ஆதிப்புள்ளி வழியாகப் போகும் ஒரு நேர்கோடு. கணக்கென்றாலே நடுங்கும் பிள்ளைகூடத் தடுமாறாமல் வாங்கிவிடலாம் என்பதால் ஜூன் மாதத்திலிருந்து அதைத் திரும்பத் திரும்பப் போட வைத்திருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனின் தாளில் புள்ளிகள் சரி, அளவுத்திட்டம் சரி, கோடு மட்டும் நடுவில் தொய்ந்திருந்தது, கொடியில் ஈரத்துணி போட்ட மாதிரி. ஸ்கேல் வைக்காமல் கையால் இழுத்திருக்கிறான் என்று இரண்டு மதிப்பெண் குறைத்தேன். அடுத்த தாளிலும் கோடு தொய்ந்திருந்தது. அதற்கடுத்தது, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணுடையது. அதிலும் அப்படியே. பெட்டியிலிருந்து அடிஸ்கேலை எடுத்து அவள் கோட்டின் மேல் வைத்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது.

பேனாவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பார்க்கிற இடத்தின் நடுவில், சரியாக நான் எதைப் பார்க்க வேண்டுமோ அங்கே, ஒரு சாம்பல் திட்டு இருந்தது. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பியது. ஒரு வாரமாகவே இருந்திருக்கிறது. கண்ணாடியில் அழுக்கு என்று துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "அத்தே, கண்ணு ஒரு மாதிரி இருட்டுது" என்றேன். அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "காலைல அந்த ரெண்டு இட்லிய வச்சுக்கிட்டு எத்தன நேரம் உக்காந்திருப்ப?" ஐந்து நிமிடத்தில் கேழ்வரகுக் கஞ்சி வந்தது, கூடவே நாலு பேரீச்சம்பழம். அன்போடு கொடுத்தார்கள். நானும் குடித்தேன்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கஞ்சிதான். மூன்று வருடமாகியும் அது மனதில் அடங்கவில்லை. யார் மேலும் கோபம் இல்லை. நான் சொன்ன சொல்லுக்கு அது சரியான பதில் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இருட்டு என்கிற சொல்

நம் ஊரில் கண் தொடர்பாகப் புழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். பசித்தால் கண்ணை அடைக்கிறது. வெயிலில் நின்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது. இரத்தம் குறைந்தால் கண் இருட்டுகிறது. வேலை மிகுந்தால் கண்ணில் பூச்சி பறக்கிறது. சாகக் கிடப்பவருக்குக் கண் பஞ்சடைகிறது. ஒவ்வொன்றும் கண்ணைச் சொல்கிறது, ஆனால் ஒன்றும் கண்ணைப் பற்றியதில்லை. வயிறு, இரத்தம், களைப்பு, மரணம் என்று வேறு எதையோ சொல்கிறது. பார்வை உண்மையிலேயே மறைகிறபோது சொல்ல நமக்கு மிச்சம் இருப்பதும் இதே சொற்கள்தான். அதுவும் கர்ப்பிணி சொன்னால், கேட்கிறவர்கள் காதில் மசக்கையும் இரத்தச் சோகையும் தவிர வேறெதுவும் விழாது.

நான் அதற்கு முன்பும் சொல்லித்தான் இருந்தேன். மாதா மாதம் காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில் டிசம்பர் 20 அன்று பிரஷர் 138/88. அதற்கு முந்தைய மாதம் 110/70. கணக்கு வாத்தியார் நான், இரண்டு எண்களையும் அடுத்தடுத்துப் பார்த்தும் அவற்றின் வித்தியாசத்தைக் கழித்துப் பார்க்கவில்லை. "கண்ணு மங்கலா இருக்கு டாக்டர்" என்றதற்கு, கண் டாக்டரைப் பாருங்கள், டென்ஷன் ஆகாதீர்கள் என்று பதில் கிடைத்தது. கால் வீக்கத்துக்கு, இந்த மாதத்தில் எல்லாருக்கும் வரும், காலைத் தலையணை மேல் வையுங்கள் என்றார்கள். அதுவும் பெரும்பாலான பெண்களுக்குப் பொருந்தும் பதில்தான். கண் டாக்டரைத் தேடாமல், பக்கத்தில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பவர் கூடியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். 3,800 ரூபாய். கர்ப்ப காலத்தில் உடம்பில் நீர் கோத்துக் கருவிழியும் லேசாகத் தடிப்பதுண்டு, அதனால் பவர் கொஞ்சம் மாறும், பிரசவத்துக்குப் பின் பழையபடி திரும்பிவிடும், ஆகவே அந்தச் சமயத்தில் புதுக் கண்ணாடி போடாமல் பொறுத்திருப்பதே நல்லது என்று பிற்பாடு ஒரு கண் மருத்துவர் சொன்னார். ஆனால் பவர் மாறினால் எழுத்து மங்கும், கோடு வளையாது. நேராக இருப்பது வளைந்து தெரிந்தால், நடுவில் மட்டும் ஒரு துண்டு காணாமல் போனால், கோளாறு விழித்திரையில் இருக்கலாம். கண்ணாடியால் தீருகிற விஷயமில்லை அது.

செவ்வாய்க்கிழமை

எங்கள் பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைச் செவ்வாய்க்கிழமைதான் பார்ப்பார்கள். நான் அங்கே வைத்தியத்துக்குப் போனவள் இல்லை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்குக் கர்ப்பத்தைப் பதிவு செய்த எண் வேண்டும். தனியாரிடம் காட்டினாலும் எடை, பிரஷர், ஸ்கேன் விவரங்களை அங்கே பதிய வேண்டும் என்று கிராம சுகாதார செவிலியர் நான்கு முறை போன் செய்துவிட்டார். அன்றைக்கும் போகாமல் இருக்கத்தான் பார்த்தேன். என் கணவர் வண்டியை எடுத்துவிட்டதால் போனேன். இதை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

நீளமான பெஞ்சில் எனக்கு முன்னால் பதினோரு பெண்கள். முறை வந்தது. செவிலியர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டார். நானும் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். "பரவால்ல சிஸ்டர். கண்ணுதான் கொஞ்சம் இருட்டுது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இருட்டுதுன்னா எப்படி? எந்திரிக்கும்போது கிறுகிறுன்னு வருதா, இல்ல சும்மா உக்காந்திருக்கும்போதே தெரியலயா?"

"உக்காந்திருக்கும்போதே."

"எது தெரியுது, எது தெரியல? அத மட்டும் சொல்லுங்க."

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டென்று வாயில் பதில் வரவில்லை. அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து, என் இடது உள்ளங்கையை எடுத்து இடது கண்ணின் மேல் வைத்தார். "அழுத்தாதீங்க, பொத்துனாப் போதும். எதுத்தாப்ல காலண்டரப் பாருங்க." சுவரில் ஒரு நகைக்கடைக் காலண்டர். மேலே முருகன் படம், கீழே கிழிக்கிற தேதித்தாள். முருகன் முகத்தைப் பார்த்தேன். முகம் இல்லை. வேலின் நுனி தெரிந்தது, மயிலின் தோகை தெரிந்தது, காலடியில் கடையின் பெயர் பட்டையாகத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரக் கையால் துடைத்த கரும்பலகை போல ஒரு சாம்பல் வட்டம். கண்ணைக் கீழே இறக்கினேன். இப்போது முருகன் முகம் வந்துவிட்டது, தேதி போய்விட்டது. "தேதி தெரியல சிஸ்டர்" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்தது. கையை மாற்றி வைத்தார். இடது கண்ணில் 27 தெரிந்தது. ஆனால் ஏழின் கால் உடைந்து, தண்ணீருக்குள் கிடக்கும் குச்சி மாதிரி இருந்தது.

அடுத்தடுத்துக் கேட்டார். தலைவலி உண்டா? இரண்டு நாளாகப் பிடரியில், சுக்குமல்லிக் காபி போட்டுக் குடித்தும் விடவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலப்பக்கம் வலி? இருந்தது, குழந்தை உதைக்கிறது என்று நினைத்திருந்தேன். பிரஷர் பட்டையைச் சுற்றினார். 170/110. கால் மணி நேரம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மறுபடி பார்த்தார். 168/112. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் சூடு காட்டினார்கள். நான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்பாதி வெண்மையாகத் திரிந்தது, முட்டையின் வெள்ளைக்கரு வேகிற மாதிரி. "உப்பு மூணு பிளஸ்" என்றார் லேப்பில் இருந்த பெண். ஊரில் உப்பு என்று சொல்வது அல்புமின் புரதத்தை. சமையலில் உப்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் நினைத்துக்கொள்வதும் இந்தச் சொல்லால்தான்.

இவரை உள்ளே கூப்பிட்டார்கள். செவிலியர் என்னைப் பார்த்துத்தான் பேசினார், அவரைப் பார்த்து அல்ல. "டீச்சர், இது கண்ணு வியாதி இல்ல. பிரஷர். வலிப்பு வர்றதுக்கு முன்னாடி கண்ணு காட்டிக் கொடுத்திருக்கு. வீட்டுக்குப் போயிட்டு வர்றோம்னு மட்டும் சொல்லாதீங்க." மருத்துவ அதிகாரி வந்து மாத்திரை கொடுத்தார், இரண்டு பக்க இடுப்பிலும் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். பக்கத்துக்கு 5 கிராம். அவ்வளவு மருந்து தசைக்குள் இறங்கும்போது வரும் வலியை நான் மறக்கப்போவதில்லை. 108 வந்தது. மதுரைக்குப் புறப்பட்டோம்.

விளக்கைக் கொளுத்துங்கடி

வண்டியில் போகும்போது அம்மா போனில் அழுதுகொண்டே ஒரு கதை சொன்னாள். எனக்கு முப்பத்தோரு வயது, அதுவரை அந்தக் கதையை அவள் சொன்னதில்லை. அம்மாவின் மூத்த அக்கா, என் பெரியம்மா, தலைப்பிரசவத்தில் இறந்தவள். முனி அடித்துச் செத்தாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "விளக்கைக் கொளுத்துங்கடி, எல்லாரும் ஏன் இருட்டுலயே உக்காந்திருக்கீங்க" என்று கேட்டாளாம். விளக்கு அவளுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. கேட்டவர்கள் பயந்துபோய் வேப்பிலை அடித்திருக்கிறார்கள். விடிவதற்குள் ஜன்னி கண்டு போய்விட்டாள்.

எக்லாம்ப்சியா என்று மருத்துவம் சொல்வதைத்தான் நம் பாட்டிகள் பிரசவ ஜன்னி என்றார்கள். எக்லாம்ப்சியா என்ற கிரேக்கச் சொல்லுக்குத் திடீரெனப் பளிச்சிடுவது, மின்னுவது என்று பொருள். பெரியம்மா கேட்ட கேள்விக்கு இன்றைக்கு விளக்கம் இருக்கிறது. இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும்போது மூளையின் பின்பகுதியில், பார்வை உருவாகும் இடத்தில், நீர் கோத்து வீங்கும். கண் பழுதில்லாமல் இருக்கும், டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும், ஆனால் ஒன்றும் தெரியாது. இந்த வீக்கத்தை ஸ்கேன் படங்களோடு தனி நோய்த்தொகுதியாக விவரித்துப் பெயர் வைத்தது 1996-ல்தான். அழுத்தத்தை இறக்கி, வலிப்பைத் தடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில் பார்வை திரும்பிவிடும். பெரியம்மாவுக்கு நேரம் கொடுத்திருந்தால் அவள் விளக்கைப் பார்த்திருப்பாள். முனி என்று சொல்லி மூடி வைத்ததில் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய ஒரு தகவல் நாற்பது வருடம் தெரியாமலே போயிற்று. தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இந்த நோய் வந்திருந்தால் மகப்பேறு மருத்துவர் முதல் மாதமே கேட்டு எழுதிக்கொள்வார். எங்களிடமும் கேட்டார்கள். வீட்டில் அப்படி யாருமில்லை என்று நான்தான் சொன்னேன்.

மதுரையில் என்னைப் படுக்க வைத்த அறையில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். வலிப்பைத் தூண்டிவிடக் கூடாது என்று இப்படி வைப்பது பழைய வழக்கம். எனக்கோ இருட்டு அறையுடையதா என் கண்ணுடையதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கையில் ஊசி வழியாகவும் மெக்னீசியம் ஏறியது; உடம்பெல்லாம் வெந்நீர் ஊற்றினது போல ஒரு காந்தல். சிறிது நேரத்துக்கு ஒரு தடவை வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கால் துள்ளினால் மருந்து அளவோடு இருக்கிறது என்று அர்த்தம். துள்ளாவிட்டால் நிறுத்த வேண்டும். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த மேக்பை ஆய்வு 2002-ல் வெளியானபோது, இந்த மலிவான உப்பு வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று உறுதியானது. சாகாமல் என்னைக் காப்பாற்றியது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். பேதிக்குக் கொடுக்கும் அதே உப்பு.

பக்கத்துக் கட்டிலில் சிவகாசிப் பக்கத்துப் பெண். பட்டாசு ஆபீசில் வேலை. வேறோர் ஊரில் பிரசவமாகி, மறுநாள் வலிப்பு வந்து தூக்கி வந்திருந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்பதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு மூன்று நாளில் ஜன்னி காண்பதும் உண்டு, வாரங்கள் கழித்து வருவதும் உண்டு. அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை. பெரியம்மாவுக்கு வந்த அதே இருட்டு. பிரசவத்துக்கு முந்திய வாரம் முழுக்க, "கண்ணுக்குள்ள மத்தாப்பு எரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். மருந்துத் தூசி கண்ணில் பட்டிருக்கும், நன்றாகக் கழுவு என்றிருக்கிறார்கள். மத்தாப்பு செய்கிறவள் மத்தாப்பு என்று சொன்னால் யார்தான் வேறு எதை நினைப்பார்கள்? அவளை விடச் சரியாக அதைச் சொல்லவும் முடியாது. மூன்றாம் நாள் காலையில், "அக்கா, நீங்க பச்சை சேலையா கட்டியிருக்கீங்க?" என்று என் அம்மாவைக் கேட்டாள். அம்மா கட்டியிருந்தது நீலம். அறையில் இருந்த நாலு பேரும் அழுதோம்.

காதைப் பார்த்தால் முகம் தெரியும்

எனக்கு வந்தது வேறு. கண் மருத்துவர் கட்டிலுக்கே வந்து சொட்டு மருந்து விட்டு, தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு பார்த்தார். விழித்திரைக்குப் பின்னால் இரத்த நாளங்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. அழுத்தத்தில் அந்த நாளங்கள் சுருங்கி, நீர் கசிந்து, விழித்திரையைத் தூக்கிவிட்டிருந்தது. தோசைக் கல்லில் மாவு கொப்புளித்து மேலெழும்புமே, அப்படி. கொப்புளம் பார்வையின் நடுப்புள்ளிக்கு நேராக எழும்பியதால்தான் நேர்கோடு தொய்ந்தது. அறுவை சிகிச்சை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இந்த வகைக்குப் பிரசவம்தான் சிகிச்சை, பிரஷர் இறங்கினால் நீர் தானாக வடியும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டு நாளில் முதல் முறையாகத் தூங்கினேன்.

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசிகள் போட்டு, டிசம்பர் 29 அன்று அறுவை செய்து எடுத்தார்கள். மகன். 1,640 கிராம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் சக்கர நாற்காலியில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். முகம் இல்லை.

பத்து மாதம் சுமக்க நினைத்து எட்டில் இறக்கி வைத்த பிள்ளையின் இரண்டு காதும் தெரிகின்றன, தலைத்தொப்பி தெரிகிறது, மார்பில் ஒட்டிய ஒயர் தெரிகிறது. நடுவில் சாம்பல். காலண்டர் முருகன் நினைவுக்கு வந்தார். தேதியைப் பார்த்தபோதுதானே அவர் முகம் வந்தது! கண்ணை அவன் இடது காதுக்கு நகர்த்தினேன். ஓரத்தில், கலங்கலாக, மூக்கு வந்தது. பிறகு வாய். வாய் கோணிக்கொண்டு கொட்டாவி விட்டது. அடுத்த சில வாரங்களுக்கு என் மகனை இப்படித்தான் பார்த்தேன், காதைப் பார்த்து முகத்தைத் தெரிந்துகொண்டு. பார்க்க நினைப்பதை நேராகப் பார்க்கக் கூடாது என்று கண்ணைப் பழக்குவது எவ்வளவு கடினம் தெரியுமா? ஆசை அதிகமானால் கண் தானாக நடுவுக்குப் போய்விடும். போனால் அவன் மறைந்துவிடுவான்.

மற்றதெல்லாம் கையால் சமாளித்தேன். பீய்ச்சிய பாலைப் பாலாடையில் ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொள்வேன், பால் விரல்நுனியைத் தொட்டால் நிறுத்த வேண்டும். மாத்திரை அட்டைகளில் காலைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு என்று அம்மா போட்டுக் கொடுத்தாள். போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை. இவரிடம் குரல் பதிவாக அனுப்பச் சொன்னேன். பெரியவர்கள், பச்சை உடம்போடு கண்ணுக்கு வேலை கொடுக்காதே, பிற்காலத்தில் பார்வை போய்விடும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். அந்த இருட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டு சின்னதாகிறதா என்று ஜன்னல் கம்பியைப் பார்த்து அளப்பதற்கு வெளிச்சம் வேண்டும். நாலு கம்பி மறைந்தது மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று.

குறைமாதக் குழந்தைக்கும் கண் பரிசோதனை உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, விழித்திரையின் இரத்த நாளங்கள் சரியாக வளர்கின்றனவா என்று பிறந்த 30 நாளுக்குள் பார்த்தாக வேண்டும். தவறினால் சில குழந்தைகளுக்குப் பார்வையே போய்விடும். இருபத்தாறாம் நாள் அவனைப் பார்த்தார்கள். துணியில் சுற்றி, இமையை ஒரு சின்னக் கம்பியால் விலக்கி வைத்துக்கொண்டார்கள். வீறிட்டான். ஒரே வளாகத்தில், ஒரே நாளில் தாய்க்கும் பிள்ளைக்கும் விழித்திரைப் பரிசோதனை. அவனுக்கு நாளங்கள் ஓரம் வரை வளர இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, இரண்டு வாரம் கழித்துக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதுவும் கழிந்தது, நல்லபடியாக.

என் தொடர் பரிசோதனைக்கு அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 1976-ல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி முதலில் மகப்பேறு மருத்துவராகத்தான் விரும்பினார். சிறுவயதில் உறவுக்காரப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் இறந்ததைப் பார்த்தவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனதால் பிரசவம் பார்க்க முடியாமல் கண் மருத்துவத்துக்கு வந்தார். காத்திருக்கும் பெஞ்சில், மடியில் பிள்ளையோடு, கண்ணில் சொட்டு மருந்து எரிய உட்கார்ந்திருக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். அவர் விட்டுவந்த வேலைக்கும் எடுத்துக்கொண்ட வேலைக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது வாரம் எடுத்த ஓசிடி படத்தில், அதாவது விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேனில், கொப்புளம் இல்லை. ஜன்னல் கம்பி எல்லாம் நேராகிவிட்டது. பிரஷர் மாத்திரை பத்தாவது வாரம் நிறுத்தினார்கள். வலது கண்ணில் மஞ்சள் நிறம் மட்டும் இன்னமும் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது; ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தால்தான் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. அடுத்த பிள்ளை என்று வந்தால் மூன்றாம் மாதம் முடியும்போதே சின்ன அளவு ஆஸ்பிரின் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது பிரஷர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நோய் வந்து போனவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம். மாதா மாதம் போய்க்கொண்டிருந்த இடத்திலும் இதையெல்லாம் சொல்லியிருந்தால் நான் 138-லிருந்து 110-ஐக் கழித்துப் பார்த்திருப்பேன்.

இப்போது பள்ளியில் யாராவது கர்ப்பமாக இருக்கும் ஆசிரியை கண்ணைக் கசக்கினால் நான் விடுவதில்லை. பளிச்சென்று கோடு கோடாக மின்னி அரை மணி நேரத்தில் அடங்கி, பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறதா? அது சிலருக்கு எப்போதும் வருவதாக இருக்கலாம், ஆனாலும் கர்ப்பத்தில் முதல் முறையாக வந்தால் பிரஷர் பார்க்காமல் விடக் கூடாது. முன்பே சர்க்கரை இருந்தவளா? அப்படியானால் ஒவ்வொரு மூன்று மாதத்திலும் விழித்திரையைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் மாதத்துக்கு மேல், திடீரென்று மங்கல், மின்னல், திட்டு, இரட்டையாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே, அந்த மணி நேரமே. என்னைப் பயமுறுத்துகிறவள் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும்.

விடுப்பு முடிந்து 2024 ஜனவரியில் பள்ளிக்குத் திரும்பினேன். அந்த விடைத்தாள் கட்டை அப்போது வேறோர் ஆசிரியை வாங்கித் திருத்தி முடித்திருந்தார். ஆனால் நான் திருத்திய முதல் சில தாள்களை அவர் தொடவில்லை. சிவப்பு மையில் நான் போட்ட 6 அப்படியே பதிவேட்டில் ஏறியிருந்தது. அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. மரத்தடியில் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். உன் கோடு நேராகத்தான் இருந்தது, எனக்குத்தான் கண் சரியில்லை, அன்றைக்கு உனக்கு 8 கொடுத்திருக்க வேண்டும் என்றேன். அவன் கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"நான் ஸ்கேல் வச்சுத்தான் டீச்சர் போட்டேன். ஆனா நீங்க மார்க் கொறச்சதப் பாத்ததும், கோணலாத்தான் போட்டுட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."